பயிற்சித் துறையில் வேலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. கம்பெனிகளில் பயிற்சி அதிகாரி வேலை, இயங்கலையில் பாடம் தயாரிக்கும் வேலை, இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா என்பது. சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி இந்தத் துறையில்தான் கழிந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன்.

அண்ணா, நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் ஆபீசில் கிராணியாக இருக்கிறேன். எஸ்.டி.பி.எம். வரை படித்தேன். பயிற்சிப் பதிவுகள், எச்.ஆர்.டி. கார்ப் (அரசின் மனிதவள மேம்பாட்டு நிறுவனம்) விண்ணப்பங்கள் எல்லாம் என் கையில்தான். என்னைப் பயிற்சி அதிகாரியாக்கலாம் என்று மேனேஜர் சொல்கிறார். மாமியார் வீட்டிலோ, "பயிற்சி என்று ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு வருவதெல்லாம் ஒரு வேலையா, டீச்சர் வேலைக்கு மனுப் போடு" என்கிறார்கள். இது நிலைக்கிற வேலைதானா? கோலாலம்பூருக்குப் போனால்தான் முன்னேற முடியுமா? – வாசகி, சுங்கை சிப்புட்

நிலைக்கிற வேலைதான் தங்கச்சி. இதற்குப் பின்னால் ஒரு சட்டமே நிற்கிறது. 1992-இல் வந்த மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2001-இல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி, சட்டத்துக்குள் வரும் துறைகளில் 10 மலேசியத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி, மாதச் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாக, கட்ட வேண்டும். 2021 மார்ச்சில் இன்னும் பல துறைகளை உள்ளே கொண்டுவந்தார்கள். அந்தப் பணம் பயிற்சிக்காக ஒதுக்கி வைத்த பணம். அதை உருப்படியாகச் செலவழிக்கத் தெரிந்த ஓர் ஆள் ஒவ்வொரு கம்பெனிக்கும் தேவைப்படுகிறார், அப்படிப்பட்டவர்கள் அதிகம் பேர் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஆர்.டி. கார்ப்புக்கு விண்ணப்பம் போடுவதும், வருகைப் பட்டியலில் கையெழுத்து வாங்குவதும் இந்த வேலையின் ஓரம்தான். நடு வேலை உங்கள் ஆலை வாசலிலேயே இருக்கிறது. ரேம்ப்புக்குப் போய்ப் பாருங்கள்.

லாரி குலைகளைக் கொட்டுகிறது, கிரேடர் பார்த்துப் பிரிக்கிறார். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரம்பிரிப்புக் கையேட்டின்படி, பழுத்த குலை என்றால் செம்மஞ்சள் நிறம் ஏறியிருக்க வேண்டும், பழம் உதிர்ந்த புதுப் பள்ளம் குறைந்தது 10 இருக்க வேண்டும். பத்துக்குக் குறைந்தால் அரைப்பழம். ஒன்றுகூட உதிராமல் கறுத்துக் கிடந்தால் அது காய், நம் ஆட்கள் வாயில் "பூவா மூடா". காய் கூடினால் எண்ணெய் குறையும், ஆலைக்கு நட்டம். உடனே மேலிடத்திலிருந்து "ஹார்வெஸ்டர்களுக்குப் பயிற்சி கொடு" என்று உத்தரவு வரும். வழக்கமாக என்ன நடக்கும்? மண்டபத்தில் அரைநாள் வகுப்பு, ஆங்கிலத்தில் ஸ்லைடு, கேட்டுக்கொண்டிருப்பவர் லொம்போக்கிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர், கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ. அடுத்த வாரமும் ரேம்ப்பில் அதே காய் வந்து விழும்.

நல்ல பயிற்சி அதிகாரி முதலில் கிரேடர் பக்கத்தில் போய் நிற்பார். எந்தப் பிரிவிலிருந்து காய் வருகிறது, எந்தக் கும்பல் வெட்டியது, எந்த நாளில் கூடுகிறது என்று கேட்பார். அப்புறம் காட்டுக்குள் போவார். அங்கே வேறு கதை தெரியவரலாம். வெட்டுபவருக்குப் பழுத்த குலை எது என்று நன்றாகவே தெரிந்திருக்கும். ஆள் பற்றாமல் வெட்டுச் சுற்று தள்ளிப்போகிறது, மறுபடி எப்போது வருவோம் என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளுகிறார். இதற்கு எத்தனை வகுப்பு நடத்தினாலும் காய் குறையாது. சுற்றைச் சரிசெய்ய வேண்டும், அல்லது கூலிக் கணக்கைப் பார்க்க வேண்டும். "இது பயிற்சியால் தீருகிற பிரச்சினை இல்லை சார்" என்று மேனேஜரிடம் ஆதாரத்தோடு சொல்லத் தெரிந்தால் நீங்கள் அதிகாரி. வகுப்புக்கு ஆள் சேர்ப்பவர் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள்.

உண்மையிலேயே தெரியாமல்தான் வெட்டுகிறார்கள் என்றால் கைப்பேசியிலேயே ஒரு காணொளி எடுங்கள், மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அனுபவமுள்ள ஹார்வெஸ்டர் ஒருவர் குலையைத் திருப்பிக் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவது தெரிய வேண்டும். குரல் அவர்கள் மொழியில் இருக்கட்டும், அந்த நாட்டுத் தொழிலாளி ஒருவரையே பேச வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மறுநாள் காலைப் பெரட்டில் இரண்டு குலையைத் தரையில் போட்டு "எதை வெட்டுவாய், ஏன்?" என்று கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து ரேம்ப் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இயங்கலைக் கல்வி என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் உயிர் இவ்வளவில்தான் இருக்கிறது. பெரிய கம்பெனியின் விலையுயர்ந்த மென்பொருளும் இந்த வேலையை ஆயிரக்கணக்கான பேருக்குச் செய்து கொடுக்கும் கருவிதான்.

டொனால்ட் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இலேயே பயிற்சியை அளக்க நான்கு படிகளை எழுதி வைத்தார். வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலை செய்யும் விதம் மாறியதா, கம்பெனிக்கு அதனால் ஏதாவது ஆனதா. நம் நாட்டில் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகிறோம். சிரித்த முகம் போட்ட கருத்துப் படிவத்தை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போகிறோம். நீங்கள் நாலாவது படியை ரேம்ப் கணக்கிலேயே காட்ட முடியும். இப்படி ஒரு வசதி கோலாலம்பூரில் கண்ணாடி மாடியில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி அதிகாரிக்குக் கிடைக்காது.

படிப்பைப் பற்றி: முதலில் எச்.ஆர்.டி. கார்ப்பின் இ-லத்தே தளத்தில் சேருங்கள், காசு கிடையாது. அடுத்து டி.டி.டி. எனப்படும் பயிற்றுநர் பயிற்சி, வழக்கமாக ஐந்து நாள். உங்கள் கம்பெனி லெவியிலிருந்தே அனுப்ப முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். பட்டம் வேண்டுமென்றால் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வேலையை விடாமல் படிக்கலாம். தகுதி குறைவு என்று நினைப்பவர்கள் 'அப்பெல்' வழியைக் கேட்டுப் பாருங்கள். வேலை அனுபவத்தையும் தகுதியாகக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு அது, குறைந்தபட்ச வயது உண்டு.

கோலாலம்பூர் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. செய்து காட்டிய வேலை இரண்டு மூன்று கையில் இருக்கட்டும், அதற்குப் பிறகு போகலாம். போகிற இடத்தில் சம்பளத்தையும் கேட்டு வாங்கலாம். மாமியார் வீட்டில் இப்போது எதுவும் வாதாட வேண்டாம். டீச்சர் வேலை நல்ல வேலை, மனுப் போடுவதில் தவறில்லை. ஆனால் இதுவும் கற்றுக்கொடுக்கிற வேலைதான், கையில் கத்தியும் அரிவாளும் வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

தம்பி, நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நீங்களும் தோட்டத்துப் பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். லயத்திலிருந்து பெரிய கம்பெனியில் இயங்கலைப் பயிற்சிக்குத் தலைவராகும் வரை எப்படிப் போனீர்கள்? என் பழைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். – ஆசிரியர், சுங்கை சிப்புட்

ஐயா, நேராகப் போன பாதை இல்லை. எஸ்.பி.எம். முடித்ததும் பினாங்கில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகப் பாயான் லெப்பாசுக்குப் போவார்கள், உங்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். ஒரே விஷயத்தை மலாயில், தமிழில், ஓரளவு ஆங்கிலத்தில் சொல்ல முடிந்ததால் அந்த வேலை என்னிடமே நின்றுவிட்டது. பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அப்போது எல்லாம் தடித்த ஃபைலும் ஓவர்ஹெட் புரொஜெக்டரும்தான். பிறகு சி.டி. வந்தது, பிறகு இன்டர்நெட்.

2000-க்குப் பிறகு நடந்ததுதான் என்னை மேலே தூக்கியது. அதற்கு முன் ஒரு கம்பெனியிடம் வாங்கிய இயங்கலைப் பாடம் இன்னொரு கம்பெனியின் முறைமையில் பெரும்பாலும் ஓடாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் ஸ்கார்ம் என்ற பொது விதி வந்தது, 2001-இல் அதன் 1.2 பதிப்பு. பாடத்தை அந்த விதிப்படி பொட்டலம் கட்டினால், அந்த விதியை ஏற்கும் எந்த முறைமையில் ஏற்றினாலும் யார் முடித்தார், எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்று பதிவாகும். இன்றைக்கும் அந்தப் பழைய 1.2 பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வருடம், 2002-இல், ஆஸ்திரேலியாவின் பெர்த்தைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ், இயங்கலையில் பாடம் நடத்த உதவும் மூடில் மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார், இலவசமாக. நம்மைப் போல பட்ஜெட் இல்லாத பயிற்சிப் பிரிவுகளுக்கு அது பெரிய வாசல். கம்ப்யூட்டர் பிரிவில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினி ஒன்றில் அதை நிறுவி, ஆபரேட்டர்களுக்கு மலாயில் பாடம் போட்டேன். அதைப் பார்த்துத்தான் என்னை எக்சிகியூட்டிவ் ஆக்கினார்கள். அங்கிருந்து மேனேஜர், அப்புறம் வேறு கம்பெனி, அப்புறம் பல நாட்டுக் கிளைகளுக்குச் சேர்த்துப் பொறுப்பு.

இடையில் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஏராளமாகச் செலவழித்து வெளிநாட்டுப் பாடக் களஞ்சியம் ஒன்றை வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான பாடம், எல்லாம் ஆங்கிலம், எல்லாம் ஆபீஸ் ஆட்களுக்கு. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. மேலிடத்தில் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. எனக்கு அது இன்றும் ஆறாத கோபம், ஏனென்றால் லெவி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கட்டப்படுகிறது.

2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஒரே நாளில் நாடு முழுவதும் வகுப்பறைப் பயிற்சி நின்றது. அதுவரை எங்களைக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார வைத்தவர்களே எங்களைத் தேடி வந்தார்கள். பலர் அவசரத்தில் ஒருநாள் வகுப்பை அப்படியே ஸூமில் போட்டு ஓட்டினார்கள், கேட்டவர்கள் கேமராவை மூடிவிட்டுச் சமைத்தார்கள். பாடத்தைச் சிறிதாக உடைக்கவும், கேள்வி கேட்டு நடத்தவும் முன்பே பழகியிருந்த பிரிவுகள் தாக்குப்பிடித்தன.

உங்கள் மாணவர்களிடம் ஒன்று சொல்லுங்கள் ஐயா: கணினி தெரிந்ததால் நான் இந்தப் பதவிக்கு வரவில்லை. லைனில் நின்று வேலை செய்தவன் என்பதால், எந்த இடத்தில் கை தடுமாறும் என்று தெரியும். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமல் இருக்க மணிக்கட்டில் கட்டும் பட்டையைத் தளர்வாகக் கட்டினால் சோதனைக் கருவியில் சிவப்பு விளக்கு எரியும், பல பிள்ளைகள் அதை இயந்திரக் கோளாறு என்று நினைத்துவிட்டுப் போவார்கள். புத்தகத்தில் 'பட்டை அணியவும்' என்று மட்டும்தான் இருந்தது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே சட்டைக்கை மாட்டிக்கொண்டிருக்கும் படத்தை நான் பாடத்தில் போட்டேன், அதைப் பார்த்த பிறகு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. தோட்டத்தில், பட்டறையில், மளிகைக்கடையில் வேலை பார்த்த பிள்ளைக்கு இந்தக் கண் இருக்கும். அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியவில்லை, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சார், ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இயங்கலைப் பாதுகாப்புப் பாடத்தை எல்லாரும் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டி முடித்துவிடுகிறார்கள். சான்றிதழ் வந்துவிடுகிறது, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. என்ன செய்வது? – வாசகர், சுங்கை சிப்புட்

பொத்தானைப் பூட்டி வைக்கிறார்கள் சில இடத்தில், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிமிடம் காத்திருந்தால்தான் நகரும். அதைச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் ஆள் வேறு கைப்பேசியைப் பார்ப்பார்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை மாணவர்கள் படித்தார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள், சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். உங்கள் பாடத்தின் கடைசியில் வரும் பத்துக் கேள்வி அந்த ஐந்து நிமிடக் கணக்கைத்தான் காட்டுகிறது, அதை நம்பிச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள்.

அதனால் கேள்வியை முன்னால் போடுங்கள். முதல் பக்கத்திலேயே உங்கள் தொழிற்சாலையில் எடுத்த படம் ஒன்று, "இதில் என்ன தப்பு?" அவ்வளவுதான். தெரிந்தவர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகட்டும், அவர் நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும். பிறகு நாலு நாள் கழித்து ஒரு கேள்வி, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, ஷிஃப்ட் தொடங்கும்போது வாயால் கேட்டாலே போதும், கணினி வேண்டாம். இதற்குச் செலவே இல்லை. சூப்பர்வைசர் மனது வைத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

லெவி என்று என் சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்களா? – வாசகர், தோட்டப் பட்டறை

பிடிக்கக் கூடாது. அது முதலாளி கட்ட வேண்டிய பணம், தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. சம்பளச் சீட்டில் அப்படி ஒரு வரி இருந்தால் முதலில் ஆபீசில் கேளுங்கள், சரியான பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். ஈப்போவிலேயே அலுவலகம் இருக்கிறது.

பயிற்றுநர் வகுப்புக்குப் போனேன். ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி, நான் 'பார்த்துக் கற்பவள்' என்றார்கள். இனிமேல் நான் படமாகவே கற்க வேண்டுமா? மாணவர்களையும் இப்படிப் பிரிக்க வேண்டுமா? – வாசகி, சுங்கை சிப்புட்

வேண்டாம்மா. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று ஆளைப் பிரித்து, அதற்கேற்றபடி சொல்லிக்கொடுத்தால் நன்றாக ஏறும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பாஷ்லரும் மூன்று ஆய்வாளர்களும் 2008-இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். இன்னும் பல வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். ஆளைப் பார்த்துப் பிரிப்பதை விட்டு, விஷயத்தைப் பாருங்கள். தீயணைப்புக் கருவியைக் கையில் கொடுத்தால்தான் பழகும், யாராக இருந்தாலும். எச்சரிக்கைச் சங்கொலியைக் கேட்க வைத்தால்தான் தெரியும். மற்றபடி அந்த வகுப்பில் கற்ற குரல், நேரம், பலகை, கேள்வி கேட்கும் விதம் எல்லாம் உதவும், அதை விட்டுவிடாதீர்கள்.

என் மகன் எஸ்.பி.எம். மட்டும்தான். பத்து வருடத்துக்கு மேலாக வெல்டிங் செய்கிறான். புதுப் பையன்களுக்கு அழகாகச் சொல்லிக்கொடுப்பான். கண் போவதற்குள் வேறு வேலைக்கு மாற வேண்டும் என்கிறான். பட்டம் இல்லாதவனுக்குப் பயிற்சித் துறையில் இடம் இருக்கிறதா, தம்பி? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

இருக்கிறது அம்மா, உங்கள் மகனைப் போன்றவர்களைத் தேடிக்கொண்டும் இருக்கிறார்கள்.

முதல் வேலை, கையிலுள்ள திறமைக்குக் காகிதம் வாங்குவது. திறன் மேம்பாட்டு இலாகாவின் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்காராமலேயே, செய்த வேலையைக் காட்டிப் பெற வழி உண்டு, அதற்கு பி.பி.டி. என்று பெயர். செய்த வேலையின் படங்கள், முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கோப்பாகக் கட்டிக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர் பார்த்துக் கேள்வி கேட்பார். இன்றிலிருந்தே மகனை வேலையிடத்தில் படம் எடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். வெல்டு போடுவதற்கு முன், போடும்போது, முடித்து ஸ்லாக் தட்டிய பிறகு என்று மூன்று நிலையும் இருக்கட்டும், தேதியோடு. பழைய முதலாளி கடையை மூடிவிட்டுப் போவதற்குள் அவர் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு திறன் பயிற்சி மையத்தில் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் வி.டி.ஓ. என்ற பயிற்றுநர் சான்றிதழ் பக்கம் போகலாம், ஷா ஆலமிலுள்ள சியாஸ்ட் எனும் பயிற்றுநர் பயிற்சி மையத்தில் விசாரிக்கட்டும். கம்பெனிக்குள்ளேயே பயிற்சி கொடுப்பதென்றால் மேலே சொன்ன ஐந்து நாள் வகுப்பு. இன்னொரு கதவும் இருக்கிறது: 2024 ஜூன் 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் முதலாளி பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. தனி பாதுகாப்பு அதிகாரி வைக்க வேண்டிய பெரிய இடங்களுக்கு மட்டும் வேறு விதி. சின்னப் பட்டறை முதலாளிகள் பலர் இன்னும் யாரை நியமிப்பது என்று தெரியாமல் இருக்கிறார்கள். அதற்கான பயிற்சிக்குத் தன்னை அனுப்பச் சொல்லி மகன் இப்போதே முதலாளியிடம் கேட்கலாம். வெல்டிங்கில் புகை, கண், தீ மூன்றும் அவனுக்கு அனுபவம்.

கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முகக்கவசத்தின் கண்ணாடி சரியான இருட்டு எண்ணில் இருக்கிறதா, தேய்ந்து கீறல் விழுந்ததையே மாட்டிக்கொண்டிருக்கிறானா என்று இன்று இரவே கேளுங்கள். கண்ணில் உறுத்தல் இருந்தால் டாக்டரிடம் காட்டட்டும், சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் பதிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்புக்கு என்னென்ன சேர்ப்பது என்று தெரியவில்லை என்றால் மகனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், பட்டியல் போட்டு அனுப்புகிறேன்.